இடது கைத் தாம்பூலம்

தாராவி,
திங்கட்கிழமை மத்தியானம்.

அன்பு மகள் பேச்சிக்கு அப்பா எழுதுவது.

கடிதம் என்றால் முதல் வரியில் ‘இங்கு யாவரும் நலம்’ என்று போட வேண்டும். நம் ஆட்கள் சாவுச் சேதி எழுதினாலும் அந்த வரியைப் போட்டுவிட்டுத்தான் சேதிக்கு வருவார்கள். நான் அதை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். எனக்குத் தோள் வலிக்கிறது. மழை பிடித்துக்கொண்டால் இருக்கிற கையோடு இல்லாத கைக்கும் சேர்த்து வலிக்கிறது. நீயும் உன் அம்மாவும் குலசாமிக்கு முதல் பத்திரிகை வைக்க ஊருக்கு ரயிலேறியதிலிருந்து மாட்டுங்கா மெஸ்ஸில்தான் எனக்குச் சாப்பாடு. அங்கே சாம்பாரில் வெல்லம் போடுகிறான், பாவி. வீடு வெறிச்சென்று இருக்கிறது. இதுதான் என் நலம், உள்ளது உள்ளபடி.

நீங்கள் திரும்பி வந்த பிறகு நேரிலேயே சொல்லலாமே என்று நினைப்பாய். நேரில் உன்னிடம் என்றைக்கு நான் ஒரு விஷயத்தை முழுதாகச் சொல்லியிருக்கிறேன்? வாயெடுப்பதற்குள் “தெரியும்ப்பா, நீங்க இதத்தான சொல்ல வாரீய” என்று நீயே ஆரம்பித்து நீயே முடித்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார். இடது கை எழுத்து கோழி கிளறினது போலத்தான் இருக்கும், பொறுமையாகப் படி. உன் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டு. அவளைப் பற்றி எழுதியிருக்கும் இடத்தில் மட்டும் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்.

விஷயம் இதுதான். உன் நிச்சயதார்த்தத்தன்று தாம்பூலத் தட்டு மாற்றுகிற நேரத்தில், உனக்கு மாமனாராக வரப்போகிற செம்பூர் அண்ணாச்சி என் காதருகே குனிந்து, “அண்ணாச்சி, நல்ல காரியம் பாருங்க, தட்டை ஒங்க தம்பி மாத்தட்டும். தப்பா நெனச்சுக்கிடாதீய” என்றார். இடது கையால் தாம்பூலம் கொடுப்பதும் வாங்குவதும் ஆகாது என்று நம் சனங்கள் எல்லோருக்கும் உள்ள எண்ணம்தான் அவருக்கும். நான் சிரித்துக்கொண்டே “அதுக்கென்ன, நல்லதுதான்” என்று சொல்லி ஒதுங்கி நின்றேன். உன் சித்தப்பா மாற்றினான். அதோடு போகவில்லை. ஆவணியில் கல்யாணத்தன்று உன்னைக் கைப்பிடித்துக் கொடுப்பதும் சித்தப்பாவும் சித்தியும்தான் என்று அன்றே பேசி முடித்துவிட்டார்கள். நீ அப்போது ஒன்றும் பேசவில்லை. ஆனால் தாதர் ஸ்டேஷனில் ரயில் நகரும்போது ஜன்னல் வழியாகச் சொன்னாய்: “திரும்பி வந்ததும் நானே செம்பூருக்குப் போயி பேசுதேன். எங்கப்பா குடுக்காட்டா நான் கைய நீட்ட மாட்டேன்னு சொல்லுதேன்.” சொன்னதைச் செய்கிறவள் நீ. அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன். நீ போய்ப் பேச வேண்டாம், பேச்சி. ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

நம் பக்கத்தில் ஒருவர் சுகமா என்று கேட்டால், கூரை எரிந்துகொண்டிருந்தாலும் ‘நல்லாருக்கேன்’ என்பதுதான் மரியாதை. கேட்ட உடனே குறையைக் கொட்டுகிறவனை ஒருத்தரும் மதிப்பதில்லை. நானும் அப்படி வளர்ந்தவன்தான். நீ எட்டாவது படித்தபோது பவர் பிரஸ்ஸில் என் வலது கை மணிக்கட்டுக்கு மேலோடு போனது உனக்கு நினைவிருக்கும். டப்பா மூடி அடிக்கிற மிஷின் அது. புண் ஆறிய பிறகு, டாக்டர் எழுதித் தருவதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து செய்கிற வேலையாகத் தரலாமா என்று யோசிப்பதாகப் பட்டறை முதலாளி சொன்னார். அப்போது டிராம் ஓடிக்கொண்டிருந்த காலம். தாதருக்கு நடந்து போய் டிராம் பிடித்துப் பரேல் ஆஸ்பத்திரியில் இறங்கினேன். தலைக்குக் குளித்து, வெளுத்த சட்டை போட்டு, மொட்டைக் கையைப் பெரிய மனிதர் முகத்துக்கு நேரே நீட்டுவது அசிங்கம் என்று புதுத் துண்டை அதன்மேல் மடித்துப் போட்டுக்கொண்டு போனேன். பெண் பார்க்கப் போகிறவன் கூட அவ்வளவு சிங்காரித்துக்கொள்ள மாட்டான்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், நல்ல மனிதர். வெளியே வரிசை வாசலைத் தாண்டி நின்றது. துண்டை விலக்கித் தழும்பை அழுத்திப் பார்த்தார். வலிக்கிறதா என்று இந்தியில் கேட்டார். “நஹி சாப்” என்றேன். வேலை செய்ய முடியுமா என்றார். “ஹா சாப், சப் டீக் ஹை” என்றேன். எல்லாம் சரியாக இருக்கிறதாம்! இந்தி தெரியாமல் சொல்லவில்லை, அவர் தமிழில் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம், முதுகில் தட்டிக் கொடுத்து, புண் ஆறிவிட்டது, வேலை செய்யலாம் என்று எழுதிக் கொடுத்தார். முதலாளி அதை வாசித்துவிட்டு, டாக்டரே சொல்லிவிட்டாரே, போய் உன் பிரஸ்ஸிலேயே நில் என்றார். தகட்டை ஒரு கையால் வைத்து மறு கையால் பிடியை இழுக்கிற மிஷின் முன்னால் நான் போய் நின்றேன். சுற்றி நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், பழைய வேலைக்கே வரச் சொல்லிவிட்டார்கள் என்றேன். “எந்தக் கையால?” என்று கேட்டாள். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். நீ பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் முகம் கழுவிக்கொண்டோம்.

அந்தச் சமயத்தில்தான் சாரதா மாமி நம் வாழ்க்கைக்குள் வந்தார். உன் அம்மா பாத்திரம் தேய்க்கப் போன மாட்டுங்கா வீடுகளில் ஒன்று அவருடையது. கை கால் இழந்தவர்கள், கண் தெரியாதவர்கள், கையில் காசில்லாதவர்கள் வந்தால் மனு எழுதிக் கொடுக்கவும், ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் கூடப் போகவும், அவரும் இன்னும் சில பெண்களும் சனிக்கிழமைதோறும் ஒரு அறையில் உட்காருவார்கள். நான் நடந்ததைச் சொன்னதும், “அதே டாக்டர்ட்டயே மறுபடியும் போங்கோ. ஹிந்தி நன்னாப் பேசறவா யாராவது கூடப் போகணும், அவ்வளவுதான்” என்றார். பள்ளிக்கூடத்துப் பாவாடையும் ரெட்டைச் சடையுமாக நீ என்னோடு டிராமில் ஏறினாய். டாக்டர் என்னைப் பார்த்து எப்படி இருக்கிறாய் என்றார். “சப் டீக்…” என்று நான் ஆரம்பித்ததும் என் காலை ஓங்கி மிதித்தாய் பார், அந்த மிதி இன்னும் மறக்கவில்லை. “ஜூட் போல்தா ஹை, சாப்” என்றாய். பெற்ற தகப்பனைப் பொய் சொல்கிறான் என்று ஆஸ்பத்திரியில் வைத்துச் சொன்ன பெண் தாராவியிலேயே நீ ஒருத்திதான். சட்டைப் பித்தான் போட முடியவில்லை, வேட்டி கட்ட அம்மா வேண்டும், இல்லாத விரலெல்லாம் எரிகிறது என்று தூக்கத்தில் கத்துகிறார் என்று நீ ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். புதிதாக எழுதிக் கொடுத்தார். பட்டறையில் அதற்குப் பிறகும் வேலை தரவில்லை. ஆனால் அந்தக் காகிதத்தை வைத்து சாரதா மாமி மனு எழுத, நீ ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கி, மாட்டுங்கா மார்க்கெட் ஓரத்தில் வெற்றிலைக் கடை போட எனக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தாய். இன்று நாம் சாப்பிடுகிற சோறு அது. எனக்கு அப்போது பெருமை தாங்கவில்லை. உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

ஆனால் அன்றிலிருந்து ஒரு பழக்கமும் வந்துவிட்டது. கை மிஷினில் போனது, நாக்கை உன்னிடம் கொடுத்துவிட்டேன். பஸ் கண்டக்டர் என்னை விட்டுவிட்டு, இவர் எங்கே இறங்க வேண்டும் என்று உன்னைக் கேட்பான், நீ சொல்வாய். சாரதா மாமிகூட, நான் எதிரே தூண் மாதிரி நிற்கும்போது, “ஒங்கப்பாக்குக் காபியா டீயாடீ?” என்று உன்னைக் கேட்பார். “டீ போதும் மாமி” என்று நீ சொல்லிவிடுவாய். காபி போட்டால் அவருக்குச் சிரமம் என்று நினைத்திருப்பாய், நல்ல எண்ணம்தான். எனக்குப் பிடித்தது காபி, பேச்சி. நாள் முழுக்க மாட்டுங்காவில் உட்கார்ந்து ஊரார் வீட்டு டிகாக்‌ஷன் வாசனையை மூக்கால் குடித்துவிட்டு, ஒரு வாய் காபிக்கு வழியில்லாமல் இத்தனை வருஷம் டீ குடித்திருக்கிறேன். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தப்பு உன்மேல் இல்லை.

கடை போட்ட புதிதில் இந்த இடது கைப் பாடு வேறு. வெற்றிலை லட்சுமி, அதை இடது கையால் எப்படி வாங்குவது என்று நம் ஆட்கள் தயங்குவார்கள். மராட்டிக்காரர்களும் குஜராத்திக்காரர்களும்கூட நல்ல நாள் என்றால் ஒரு நொடி கையை இழுத்துக்கொள்வார்கள். விரத நாளில் ஒரு அம்மா, “கூட யாராவது இருந்தா அவா எடுத்துக் கொடுக்கட்டுமே” என்று சொல்லிவிட்டு வெயிலில் நின்றுகொண்டே இருந்தார். கூட யார் இருக்கிறார்கள், நானும் ஈயும்தான். அதனால் ஒரு பித்தளைத் தட்டு வாங்கி, வெற்றிலையை எண்ணித் தட்டில் வைத்து நகர்த்திவிடுவேன், அவர்களே எடுத்துக்கொள்வார்கள். ஒருநாள் மழை, ஏகக் கூட்டம், தட்டை மறந்துபோய் ஒரு பெரியவர் கையிலேயே பீடாவைக் கொடுத்துவிட்டேன். அவர் பாட்டுக்கு வாயில் போட்டு மென்றுகொண்டே, பாக்கு இன்னும் கொஞ்சம் வை என்றார். எந்தக் கையால் வந்தது என்று சுண்ணாம்புக்குத் தெரியுமா என்ன! அன்றைக்கே தட்டை எடுத்து உள்ளே வைத்திருக்கலாம். எனக்குத் தைரியம் வரவில்லை, தட்டு இன்னும் வெளியேதான் இருக்கிறது.

இப்போது உன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. கல்யாணமாகி மாப்பிள்ளை வேலை பார்க்கிற தாணேக்குப் போனாலும் சாரதா மாமியின் அறைக்கு வந்து போவேன், அவரும் இனி பொறுப்பை என்னிடமே விடப்போகிறார் என்றாய். நல்லது, போ. ஆனால் நம் சந்து முத்தையாவை நினைத்துக்கொள். இரண்டு காலும் சூம்பிப்போன அந்தப் பையனுக்கு நாற்காலிக்குப் பிரம்பு பின்னுகிற இடத்தில் எவ்வளவு அலைந்து இடம் வாங்கிக் கொடுத்தாய்! ஒரு வாரம் போனான், நின்றுவிட்டான். “எவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கிக் குடுத்தோம், கொழுப்பப் பாத்தீயளாப்பா” என்று வீட்டில் வந்து பொரிந்தாய். அவன் என் கடையில் வந்து சொன்னதை நான் உன்னிடம் சொல்லவில்லை. “எனக்கு ரேடியோ ரிப்பேர் படிக்கணும்னு ஆச மாமா. அக்கா கேக்கவேயில்ல. அவ்வளவு வேகமாப் பேசுதாவ, நடுவுல எங்கன போயி சொல்ல?” என்றான். உனக்குக் கோபம் வரும், வரட்டும். நமக்காக ஒருத்தர் பேசுவது எவ்வளவு பெரிய காரியம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அன்று நீ என் காலை மிதிக்காவிட்டால் நான் இன்றைக்கும் ‘டீக் ஹை’ சொல்லிக்கொண்டு பிச்சை எடுத்திருப்பேன். ஆனால் ஆபீசுக்குள் போவதற்கு முன்னால் வாசலில் வைத்து, உனக்கு என்ன வேண்டும் என்று அவர்களைக் கேள். கேட்டுவிட்டு உடனே நீ பதில் சொல்லாதே. நம் ஆட்கள் முதலில் ‘ஒண்ணுமில்ல, நல்லாருக்கேன்’ என்றுதான் சொல்வார்கள். அது பதில் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் சும்மா நில், உண்மை பின்னாலேயே வரும்.

இனி உன் அம்மா பேச்சு வருகிறது, குரலைத் தாழ்த்திக்கொள். நிச்சயம் முடிந்து வீடு வந்ததும் நான் கை வலிக்கிறது என்று அவளிடம் முனகிக்கொண்டிருந்தேன். அவள் பட்டுச் சேலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: “ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் நல்லாருக்கேன் நல்லாருக்கேங்கீய. வலிக்குன்னு எங்கிட்ட மட்டும் சொல்லுதீய. நான் என்ன டாக்டரா? நான் பெத்த பிள்ளைக்கு நானும் நிக்கப்பிடாதுன்னு ஆயிட்டு, அத யார்ட்ட சொல்ல?” எனக்குச் சுருக்கென்றது. என் கையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேனே தவிர, நான் ஒதுங்கினால் அவளும் ஒதுங்க வேண்டும் என்பது எனக்கு உறைக்கவேயில்லை. அவளுக்கு இரண்டு கையும் இருக்கிறதே!

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கடையைச் சாத்திவிட்டு நான் மட்டும் ரயிலேறி செம்பூருக்குப் போனேன். நல்ல மழை. அண்ணாச்சி பனியனோடு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, “வாங்க வாங்க, தனியாவா வந்தீய? பேச்சி இல்லாமலா?” என்றார். எல்லோருக்கும் அந்தக் கேள்விதான். நீ ஊருக்குப் போயிருப்பதைச் சொன்னேன். “சொகமா இருக்கீயளா அண்ணாச்சி?” என்றார். ‘நல்லா’ என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது, பேச்சி. என் காலை மிதிக்க நீயும் பக்கத்தில் இல்லை.

“இல்ல அண்ணாச்சி” என்றேன். “நிச்சயத்தண்ணையிலருந்து மனசு நல்லாயில்ல. தட்டை எந்தம்பி மாத்தட்டும்னு நீங்க சொன்னப்போ, நல்லதுதான்னு என் வாய்தான் சொல்லிச்சு, நான் சொல்லல. எம்பிள்ளைய நானும் அவ அம்மையும்தான் கைப்பிடிச்சுக் குடுக்கணும். வலது கை கிடையாது. இருக்குத கை இதான்.” இடது கையை விரித்து அவருக்கு முன்னால் நீட்டினேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

“நாலு பேரு பேசுவாவளே” என்றார்.

“பேசட்டும். மாட்டுங்கால பாதிக் கலியாணத்துக்கு இந்தக் கைதான் வெத்தல எண்ணி வைக்கி. ஒரு கலியாணமும் நிக்கல.”

“கை நடுங்காதுல்லா?” என்று கேட்டார்.

“நடுங்கும்” என்றேன். “நடுங்காதுன்னு சொன்னா பொய். ஒங்க மகளக் கட்டிக் குடுக்கும்போது ஒங்க வலது கை நடுங்கலியா?”

அவர் பேப்பரை மடித்து வைத்தார். உள்ளே திரும்பி, அண்ணாச்சிக்கு டீ போடச் சொன்னார். நான், காபி இருந்தால் காபி என்றேன். அதற்குச் சிரித்தார். காபி குடித்த பிறகு வெற்றிலைப் பெட்டியை என் பக்கம் தள்ளி, “தொழில்காரரு கையால ஒண்ணு போடுவோம். மடிச்சுக் குடுங்க” என்றார். முழங்கால்மேல் வைத்து ஒற்றைக் கையால் சுண்ணாம்பு தடவி மடித்தேன். பக்கத்திலேயே தட்டு இருந்தது. நான் அதை எடுக்கவில்லை, கையாலேயே நீட்டினேன். அவர் வலது கையை நீட்டி வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். “சுண்ணாம்பு கொஞ்சம் கூடிட்டு” என்றார். சரி என்று அவர் வாயால் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் கையை விட்டுவிட்டுச் சுண்ணாம்பைக் குறை சொல்கிற மனிதரிடம் இனி எனக்குப் பயமில்லை. திரும்பி வரும்போது ரயிலில் இடம் இருந்தும் உட்காரத் தோன்றாமல் வாசலில் நின்றுகொண்டே வந்தேன், நன்றாக நனைந்துவிட்டேன்.

உன் சித்தப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், அவன் கோபித்தால் சமாதானமும் நானே செய்கிறேன். தீபாவளிக்கு முன் லைசென்ஸ் புதுப்பிக்க ஆபீசுக்கும் நானே போவேன். முடியாவிட்டால் உன்னைக் கூப்பிடுவேன், கூப்பிடாமல் நீயாக வராதே. நீ தாணேக்குப் போய்விடுவதை நினைத்தால் இப்போதே வீடு இன்னும் வெறிச்சென்று தெரிகிறது. அதையும் நலம் என்று எழுத எனக்கு மனமில்லை. அம்மாவிடம் சொல், பட்டுச் சேலையைப் பெட்டி அடியில் போட வேண்டாம், மேலேயே வைக்கட்டும், மணவறையில் என்னோடு நிற்கப் போகிறவள் அவள்தான்.

முகூர்த்த நேரத்தில் யாராவது முணுமுணுப்பார்கள். என் கையும் நடுங்கும், எல்லோரும் பார்ப்பார்கள். உனக்கு வாய் துறுதுறுக்கும், எனக்குத் தெரியும். அன்று ஒரு நாள் மட்டும் எனக்காக நீ பேசாதே, பேச்சி. கையை மட்டும் நீட்டு.

உன் அப்பா